கேட்டில் கத்தாதீர்கள், மனு கொடுங்கள்

“அப்பாவைப் பார்க்க விடவே இல்லை சார்.” கொரோனா ஓய்ந்து இத்தனை வருஷமாகியும் இந்தப் புலம்பலோடு ஆட்கள் வருகிறார்கள். மகன் கப்பலில் இருந்திருப்பார். மணப்பாட்டிலிருந்தோ தருவைகுளத்திலிருந்தோ வந்த மருமகள் முதியோர் இல்லத்து வாட்ச்மேனிடம் சண்டை போட்டுவிட்டுத் திரும்பியிருப்பார். பெரியவருக்கு என்றைக்குக் காய்ச்சல் வந்தது, எந்த ஆஸ்பத்திரி, ஒன்றும் தெரியாது. ‘எழுத்தில் கேட்டீர்களா?’ என்றால் முழிப்பார்கள்.

தொற்றுக் காலத்தில் பார்வையாளர்களை நிறுத்துவதில் நியாயம் இருக்கலாம். தகவலையும் சிகிச்சையையும் நிறுத்த எந்த நியாயமும் கிடையாது. 2020 ஆகஸ்ட் 4 அன்று அஷ்வனி குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது: முதியோர் ஓய்வூதியம் தடையில்லாமல் போக வேண்டும், இல்லங்களில் கிருமிநீக்கம் நடக்க வேண்டும், பணியாளர்களுக்குப் பாதுகாப்பு உடை தர வேண்டும். மறு வருஷம் மே மாதம், மூடிக்கிடந்த ஸ்டெர்லைட் தாமிர ஆலையைத் திறந்து எங்கள் தூத்துக்குடியிலிருந்து லாரியில் ஆக்சிஜன் அனுப்பினார்கள். அந்தச் சுறுசுறுப்பில் கொஞ்சம் இல்லங்களைப் போய்ப் பார்ப்பதிலும் இருந்திருக்கலாம்.

பெரியவரை இல்லத்தில் சேர்க்கிற அன்றைக்கே உங்கள் வேலை தொடங்குகிறது. அனுமதிப் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். உடம்புக்கு முடியாமல் போனால் எத்தனை மணி நேரத்துக்குள் யாருக்குச் சொல்வார்கள், எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள், கேட் சாத்தினால் வாரத்தில் எத்தனை நாள் போனில் பேச விடுவார்கள் என்று கையாலேயே எழுதி, நிர்வாகியிடம் கையெழுத்து வாங்கி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். பதிவில்லாத இல்லம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

அடுத்தது புகார். இங்கேதான் எல்லோரும் தவறான வாசலில் நிற்கிறார்கள். இல்லத்தின் மேல் குறை என்றால் மாவட்ட சமூக நல அலுவலருக்கு மனு, நகல் கலெக்டருக்கு. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கோரம்பள்ளம் கலெக்டர் ஆபீஸில் கொடுத்து ரசீது வாங்குங்கள். பிள்ளைகள் கைவிட்டார்கள் என்றால் அது வேறு வாசல்: 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி தீர்ப்பாயம். தூத்துக்குடி, திருச்செந்தூர், கோவில்பட்டி மூன்று கோட்டத்திலும் சார் ஆட்சியர் அல்லது கோட்டாட்சியர் அலுவலகம்தான் அது. பராமரிப்புத் தொகையாக மாதம் 10,000 ரூபாய் வரை தரச் சொல்லி அது உத்தரவிடலாம். நோட்டீஸ் சேர்ந்து 90 நாளில் முடிக்க வேண்டும். பெரியவரால் முடியாவிட்டால் அவர் அதிகாரம் கொடுத்த வேறொருவர் மனு போடலாம். போலீஸ் ஸ்டேஷனில் நின்றுகொண்டு ஜீவனாம்சம் கேட்காதீர்கள். வழி தெரியாதவர்கள் 14567-க்கு அழையுங்கள். முதியோருக்கான இலவச உதவி எண் அது.

ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தால் சிகிச்சை ஆவணங்களை எழுதிக் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் டாக்டர் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சில் விதி. மறுபடியும் சொல்கிறேன், எழுதிக் கேளுங்கள், ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாத மனு கொடுக்காத மனு.

அதிகாரிகள் கண்டும் காணாமல் இருந்தால் மாநில மனித உரிமை ஆணையம் இருக்கிறது. அரசு ஊழியர் செய்த மீறலை மட்டுமல்ல, மீறலைத் தடுக்காமல் விட்ட அலட்சியத்தையும் அது விசாரிக்கும். கட்டணம் கிடையாது. ஆனால் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். போன வாரம் வந்தவர் கையில் வைத்திருந்த மரணச் சான்றிதழில் போட்டிருந்த வருஷம் 2021.