மணப்பெண் கடத்தல்! மணவறையில் ராட்சசன்!
சாவித்திரி செய்த ஆள்மாறாட்டம்

திருப்பாச்சூர்-

திருவள்ளூரை அடுத்த திருப்பாச்சூரில் பஸ்சுக்குக் காத்திருந்தபோது டீக்கடை டி.வி.யில் "மாயா பஜார்" ஓடிக்கொண்டிருந்தது. கம்பெனி ஷிப்டுக்குப் போகிறவர்கள்கூட கையில் கிளாசோடு நின்றுவிட்டார்கள். 2 பஸ் போயே போய்விட்டது. 1957-ல் வந்த கறுப்பு-வெள்ளைப் படம் அது!

அப்படி என்னதான் இருக்கிறது அதில்? விவரம் வருமாறு:-

துவாரகையில் பலராமர் மகள் வத்சலா (சாவித்திரி). அர்ச்சுனன் மகன் அபிமன்யுவுக்கு (ஜெமினி கணேசன்) என்று சின்ன வயதிலேயே பேசி முடித்த பெண். பாண்டவர்கள் சூதாட்டத்தில் நாட்டைத் தோற்றதும் பெண் வீட்டார் மனசு மாறிவிட்டது. வசதியான இடம் பார்த்து, துரியோதனன் மகன் லக்கணனுக்கு (தங்கவேலு) நிச்சயம் செய்தார்கள். நம்ம பக்கத்தில் நடக்காததா என்ன?

சேதி அறிந்த கடோத்கஜன் (எஸ்.வி.ரங்காராவ்), தூங்கிக் கொண்டிருந்த பெண்ணைக் கட்டிலோடு தூக்கிப் போய்விட்டான். கண்ணனும் (என்.டி.ராமராவ்) இதற்கு உடந்தை. பிறகு கடோத்கஜனே வத்சலா உருவம் எடுத்து மணப்பெண்ணாக வந்து உட்கார்ந்தான். கடத்தல் ஒன்று, ஆள்மாறாட்டம் ஒன்று. ஸ்டேஷனில் எழுதினால் 2 கேஸ்!

மீசை இல்லாத மிடுக்கு

இங்கேதான் சாவித்திரியின் வேலை ஆரம்பம். உடம்பு வத்சலா, உள்ளே இருப்பது கடோத்கஜன். பட்டும் நகையுமாக ஜொலிக்கிற பெண், ஆள் இல்லாத நேரம் பார்த்து நெஞ்சை நிமிர்த்தி ரங்காராவ் மாதிரி நடக்கிறார். யாராவது வந்தால் சட்டென்று நாணிக் கோணுகிறார். முகத்தில் மீசை கிடையாது. ஆனால் மீசைக்காரன் பார்வை! மணவறையில் மாப்பிள்ளை காலை ஒரு மிதி. தங்கவேலு படும் பாட்டைப் பார்க்கணுமே!

திருவள்ளூர் வட்டாரத்துக்கு இது புரியாத வித்தை அல்ல. திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதக் கூத்து பார்த்த ஊர்கள் இவை. அங்கே ஆம்பிளை சேலை கட்டி, பொம்பளை வேஷம் போடுவார். பார்த்துப் பழகிவிட்டோம். இந்த அம்மா செய்ததோ தலைகீழ். பொம்பளை ஒருத்தி, பொம்பளை வேஷம் போட்ட ஆம்பிளையாக நடிக்க வேண்டும். கொஞ்சம் பிசகினால் கோமாளித்தனம் ஆகியிருக்கும்.

ஹாலிவுட்டில் மர்லின் மன்றோ நடித்த "சம் லைக் இட் ஹாட்" வந்தது 1959-ல். கதை நடப்பது 1929-ல். அதிலும் ஆள்மாறாட்டம்தான். ஆனால் வேஷம் போட்டவர்கள் டோனி கர்டிசும் ஜாக் லெமனும். மன்றோவுக்கு அந்த வேலை இல்லை. நம்ம கதாநாயகிக்கு இருந்தது, அதுவும் 2 வருஷம் முன்னாலேயே!

அழுகை மட்டும்தானா?

சாவித்திரி என்றால் உடனே "பாசமலர்" (1961) அழுகையைச் சொல்கிறோம். இல்லாவிட்டால் பணம் போனது, குடி, ஒரு வருஷத்துக்கு மேல் நினைவில்லாமல் கிடந்து 1981 டிசம்பர் 26-ல் கண் மூடியது, இதையே பேசுகிறோம். 2018-ல் வந்த "நடிகையர் திலகம்" படம் பார்த்துவிட்டு வந்தவர்களும் உச்சுக் கொட்டியது அதற்காகத்தான். உண்மைதான், பாவம்தான். ஆனால் ஜனங்களை வயிறு குலுங்கச் சிரிக்க வைத்த கணக்கை யார் எழுதுவது?

"மிஸ்ஸியம்மா"வையே (1955) எடுங்கள். வேலை கிடைப்பதற்காக, யாரோ ஒருவர் மனைவி என்று பொய் சொல்கிற சிடுமூஞ்சிப் பெண். அங்கேயும் ஆள்மாறாட்டம்! அந்த வேஷம் முதலில் பானுமதிக்குப் போனது. அது கைமாறி வந்ததைத்தான் சாவித்திரி பிடித்துக்கொண்டார்.

"மாயா பஜார்" எடுத்தவர் கே.வி.ரெட்டி. காமிரா மார்க்கஸ் பார்ட்லி. கண்டசாலா இசை. எடுத்த இடம் வடபழனி விஜயா-வாகினி ஸ்டூடியோ. அந்த வளாகத்தில் இன்று பெரிய ஷாப்பிங் மால் நிற்கிறது. ஒரு வேடிக்கை: பாண்டவர் வீட்டுக் கல்யாணக் கதையில் பாண்டவர் 5 பேரில் ஒருவரும் தலைகாட்டவில்லை! நான் 3 தடவை பார்த்த பிறகுதான் அது உறைத்தது. கண் சாவித்திரி மேலேயே இருந்தால் வேறெப்படி?

3-வது பஸ்சும் கூட்டமாக வந்தது. மணவறை சீன் முடியட்டும் என்று அதையும் விட்டேன்.