எத்தனை கோடி என்று பார்க்காதீர்கள்

"தங்கச்சி, இதுல அம்பது பில்லியன் போட்டிருக்கு, அதுல பத்துதான். அம்பதையே குடு." பினாங்கு கடைத்தெரு பக்கம் மருந்துக்கடையில் நிற்கும் எனக்கு இது பழகிப்போன பேச்சு. ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டு வயிறு கலங்கியவர்கள், மலச்சிக்கலில் அவதிப்படுபவர்கள், பேரப்பிள்ளைக்கு வாங்க வரும் பாட்டிமார் என எல்லாரும் புரோபயாடிக் டப்பாவைத் திருப்பி முதலில் தேடுவது அந்த எண்ணைத்தான். 50 பில்லியன் என்றால் 5,000 கோடி. கேட்கவே பிரமிப்பாகத்தான் இருக்கும். ஆனால் நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: "அண்ணே, எண்ணிக்கைய விடுங்க. பாக்டீரியா பேரைப் படிங்க. பேருக்குப் பின்னால எழுத்தும் நம்பருமா ஏதாவது இருக்கா பாருங்க."

அந்த எழுத்துக்கும் நம்பருக்கும் என்ன மதிப்பு என்பதற்கு நம் தீவிலேயே சான்று இருக்கிறது. யு.எஸ்.எம். என்று நாம் சொல்லும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் லியோங் மின் ட்சேயின் குழு ஆராய்ந்த பாக்டீரியா, லாக்டோபாசிலஸ் பிளாண்டாரம் டிஆர்7. பசும்பாலிலிருந்து பிரித்தெடுத்தது. மன அழுத்தம் இருந்த 111 பெரியவர்களில் ஒரு பாதிக்கு டிஆர்7, மறு பாதிக்குப் பார்க்க அதைப் போலவே இருக்கும் வெற்றுத்தூள். 12 வாரம் கொடுத்தார்கள். யார் எதைச் சாப்பிடுகிறார் என்பது சாப்பிட்டவருக்கும் தெரியாது, ஆய்வு செய்தவருக்கும் தெரியாது. 2019-இல் முடிவு வெளியானது. டிஆர்7 சாப்பிட்டவர்களிடம் அழுத்தமும் பதற்றமும் குறைந்திருந்தன. ரத்தத்தில் கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோனும் அழற்சியைத் தூண்டும் சில புரதங்களும் இறங்கியிருந்தன. ஒரு நாளைக்கு அவர்கள் சாப்பிட்டது 100 கோடி பாக்டீரியா. அந்த அண்ணன் கேட்ட டப்பாவில் இருப்பதில் ஐம்பதில் ஒரு பங்கு!

குடலோடு நின்றுவிடும் ஒரு பாக்டீரியா எப்படி ரத்தம் வரைக்கும் சேதி அனுப்புகிறது? பாக்டீரியா நம் உடம்பைச் சந்திப்பது தன் மேற்பரப்பால். அந்த மேற்பரப்பில் துருத்திக்கொண்டிருக்கும் புரதங்களையும், அது வெளியே விடும் புரதங்களையும் நம் குடல் செல்களும் எதிர்ப்புச் செல்களும் தொட்டுப் பார்த்து ஆள் யாரென்று தெரிந்துகொள்கின்றன. ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு ரகங்களுக்குக்கூட இந்தப் புரதங்கள் வேறுபடும். எந்த ரகம் என்று காட்டுவதுதான் பெயருக்குப் பின்னால் வரும் அந்த எழுத்தும் நம்பரும். எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு எல்.ஜி.ஜி.

முழுப்பெயர் லாக்டோபாசிலஸ் ராம்னோசஸ் ஜி.ஜி. 1980களில் அமெரிக்காவின் ஷெர்வுட் கோர்பாக்கும் பாரி கோல்டினும் ஆரோக்கியமான ஒரு மனிதரின் குடலிலிருந்து எடுத்தது. அவர்கள் குடும்பப்பெயர்களின் முதலெழுத்துகளே அந்த ஜி.ஜி. 2009-இல் பின்லாந்து ஆய்வாளர்கள் இதையும், இதே இனத்தைச் சேர்ந்த எல்சி705 என்ற இன்னொன்றையும் அருகருகே வைத்து மரபணு மரபணுவாக ஒப்பிட்டார்கள். இரண்டும் பெரும்பாலும் ஒன்றுபோலத்தான். ஆனால் எல்.ஜி.ஜி.யின் உடம்பைச் சுற்றி மெல்லிய இழைகள் நீட்டிக்கொண்டிருந்தன. எல்சி705-க்கு அவை கிடையாது. இழை நெடுகிலும் ஸ்பா-சி என்றொரு புரதம். நம் குடலின் உள்சுவரை மூடியிருக்கும் சளிப்படலத்தை அது கெட்டியாகப் பற்றிக்கொள்கிறது, புல்வெளியில் நடந்தால் வேட்டிக் கரையில் ஏறிக்கொள்ளும் நாயுருவியைப் போல. ஸ்பா-சியை மட்டும் மறைக்கும் எதிர்ப்புரதத்தைச் சேர்த்துப் பார்த்தார்கள்; பிடி தளர்ந்துவிட்டது. டப்பாவில் வெறும் "லாக்டோபாசிலஸ் ராம்னோசஸ்" என்று மட்டும் அச்சிட்டிருந்தால், உள்ளே இருப்பது இழை உள்ளதா இல்லாததா என்று நமக்கு எப்படித் தெரியும்?

ஒட்டிக்கொள்வது முதல் வேலைதான். இதே எல்.ஜி.ஜி. பி40 என்ற புரதத்தை வெளியே விடுகிறது. அது குடல் செல்லின் மேலிருக்கும் ஓர் ஏற்பியைத் தூண்டுகிறது. அழற்சியால் சாகவேண்டிய செல் பிழைத்துக்கொள்கிறது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் பாக்டீரியாவையே விட்டுவிட்டு இந்தப் புரதத்தை மட்டும் குடல் அழற்சி உள்ள எலிகளுக்குக் கொடுத்தபோதும் அழற்சி தணிந்தது.

அப்படியானால் பாக்டீரியா உயிரோடு இருக்கத்தான் வேண்டுமா? 2017-இல் வந்த ஓர் ஆய்வைப் படித்து நான் அசந்துபோனேன். குடலின் சளியையே தின்று வாழும் அக்கர்மான்சியா என்ற பாக்டீரியாவை 70 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கிக் கொன்று எலிகளுக்குக் கொடுத்தார்கள். கொழுப்பு மிகுந்த தீனியால் வரும் எடைக் கூடுதலையும் சர்க்கரைக் கோளாறையும் குறைப்பதில், உயிருள்ளதைவிட அந்தச் செத்த பாக்டீரியா நன்றாகவே வேலை செய்தது. அதன் மேற்பரப்பில் இருக்கும் அமுக் 1100 என்ற புரதம் அந்தச் சூட்டிலும் குலையாமல் நின்று, நம் எதிர்ப்பு அமைப்பின் ஓர் ஏற்பியோடு பேசுகிறது என்று கண்டுபிடித்தார்கள்.

உடனே "அப்ப நம்ம இட்லி?" என்று கேட்பீர்கள். மாவைப் புளிக்கவைத்து உப்பச் செய்வதில் லூக்கோனாஸ்டாக் என்ற பாக்டீரியாவுக்குப் பெரும்பங்கு உண்டு. ஆவியில் வெந்ததும் அது செத்துவிடும். இட்லி எளிதில் செரிக்கும் நல்ல உணவு, தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் அதை மருந்துக் கணக்கில் சேர்க்க முடியாது. அக்கர்மான்சியாவின் புரதத்துக்குக் கிடைத்த பெயரை இட்லிக்கு எழுதிவைப்பது நியாயமில்லை. வீட்டுத் தயிருக்கும் மோருக்கும் இதையேதான் சொல்வேன். அவற்றில் உயிருள்ள பாக்டீரியா உண்டு. எந்த ரகம் என்றுதான் தெரியாது.

சரியான ரகம் சரியான ஆளிடம் போய்ச் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை ஒடிசாவில் பார்த்தோம். பினாகி பாணிகிராஹி என்ற மருத்துவ ஆய்வாளர், குடல் செல்லில் ஒட்டிக்கொள்ளும் ஒரு பிளாண்டாரம் ரகத்தைத் தேடிப் பிடித்து, ஒருவகைச் சர்க்கரையோடு சேர்த்து, கிராமங்களில் ஆரோக்கியமாகப் பிறந்த சிசுக்களுக்கு 7 நாள் கொடுத்தார். ஆய்வில் 4,556 குழந்தைகள். வெற்றுத்தூள் பெற்ற குழந்தைகளில் 9 விழுக்காட்டினருக்கு ரத்தத் தொற்றோ மரணமோ நேர்ந்தது. மருந்து பெற்றவர்களில் 5.4 விழுக்காடு. 2017-இல் இந்த முடிவு வந்தது. சில ரிங்கிட்டுக்குள் அடங்கும் மருந்து இது என்று நினைக்கும்போது இன்றைக்கும் மனம் நெகிழ்கிறது.

எல்லா நோய்க்கும் இப்படி நடந்துவிடாது. வயிற்றுப்போக்கோடு அவசரப் பிரிவுக்கு வந்த அமெரிக்கக் குழந்தைகளுக்கு எல்.ஜி.ஜி. கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2018-இல் வெளியானது. வெற்றுத்தூளைவிட அது மேலாக எதுவும் செய்யவில்லை. சளிப்படலத்தைப் பற்றிக்கொள்ளும் திறமை வேறு, நோயைத் தீர்க்கும் திறமை வேறு.

எனவே கடைக்கு வரும்போது மூன்று கேள்வி கேளுங்கள். பாக்டீரியாவின் முழுப்பெயர் என்ன? பெயருக்குப் பின்னால் ரகத்தின் குறியீடு இருக்கிறதா? அந்த ரகத்தை என் தொல்லைக்காக மனிதர்களிடம் சோதித்திருக்கிறார்களா? பதில் சொல்ல வேண்டியது என்னைப் போன்றவர்களின் கடமை, தயங்காமல் கேளுங்கள். இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும், எதிர்ப்புச் சக்தி மிகவும் குன்றியவர்களுக்கும் இந்த "நல்ல கிருமி"யே ரத்தத்தில் இறங்கி உயிருக்கு ஆபத்தாகலாம். குறைமாதக் குழந்தைகள் விஷயத்தில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-இல் எச்சரிக்கையே விட்டது. அவர்களுக்கு டாக்டரைக் கேட்காமல் ஒரு சிட்டிகைகூடக் கொடுக்காதீர்கள்.