ஹொப் கொடியும் தொட்டி மண்ணும்

கொடிகளைத் தொட்டியில் வளர்க்க விழைவோர் பெரும்பாலும் மண்ணையும் நீரையுமே முதற்கண் கருத்திற் கொள்வர். நல்ல மண்ணும் வேண்டிய நீரும் வாய்ப்பின் எக்கொடியும் எவ்விடத்தும் தழைக்கும் என்பது பொதுவான எண்ணம். அவ்வெண்ணம் எத்துணை உண்மையுடையது என்பதை ஆராய்தற்கு, இங்கிலாந்திலே வீட்டு முற்றங்களிலும் வளர்க்கப்படும் ஹொப் என்னுங் கொடி தக்கதோர் உதாரணமாகும்.

ஹொப், கஞ்சாச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. வடபாகத்து மிதவெப்ப நாடுகளுக்கு உரியது. இதன் வேர்த்தொகுதி மண்ணினுள் பல்லாண்டு வாழும். மேலெழுந்த தண்டோ ஆண்டுதோறும் மாரிக்கு முன் மடிந்து, இளவேனிலிற் புதிதாக முளைக்கும். ஆண் பூவும் பெண் பூவும் வெவ்வேறு கொடிகளில் உண்டாகின்றன. பெண் கொடியின் பூங்கதிர் முதிருங்கால், மெல்லிய செதில்கள் அடுக்கடுக்காய் அமைந்த பச்சைக் கூம்பாகின்றது. அச்செதில்களின் அடியில் மஞ்சட் பொடிபோலக் காணப்படும் சுரப்பிகளிலுள்ள பிசினும் நெய்யுமே பியர் என்னும் பானத்துக்குக் கசப்பும் மணமும் அளித்து, அது விரைவிற் கெடாதவாறுங் காப்பன. பயன் தருவது பெண் கொடியே ஆதலின், வளர்ப்போர் விதையை நாடுவதில்லை. பெண் கொடியின் வேர்த்தண்டுக் கிழங்கைத் துண்டாக்கி நடுவர்.

இக்கொடி நீரைப் பெரிதும் வேண்டுவது. ஆயினும் வேரடியில் நீர் தேங்குவதைப் பொறாதது. கென்ற் மாகாணத்தவரான ரெஜினால்ட் ஸ்கொட் 1574 ஆம் ஆண்டில் ஹொப் தோட்டம் பற்றி எழுதி வெளியிட்ட நூலிலே, கொடியின் அடியில் மண்ணை மேடாக அணைக்கும் முறை விரித்துரைக்கப்பட்டுள்ளது. இன்று முற்றத்தில் உயர்த்தி வைக்கப்படும் தொட்டியும் அம்மேட்டின் பணியையே செய்கின்றது. அதனால் மற்றுமொரு நன்மையும் உண்டு. நிலத்தில் நட்ட ஹொப், மண்ணினுள் கிழங்குகளை ஓடவிட்டு அயலிடங்களையுங் கவர்ந்துகொள்ளும். தொட்டி அதனை ஓரிடத்தில் அடக்கி வைக்கும்.

தொட்டி விட்டமும் ஆழமும் 20 அங்குலத்துக்குக் குறையாததாக இருத்தல் நன்று. பழைய அரைப்பீப்பாய் மிகவும் பொருத்தமானது. அடியில் நீர் வடியத் துளைகள் வேண்டும். மண்ணுடன் மக்கிய பசளை தாராளமாகக் கலத்தல் வேண்டும். இலைப்பரப்பு மிகுந்த இக்கொடி கோடையிலே பெருமளவு நீரை ஆவியாக்குவதால், தொட்டி மண் விரைவில் உலரும். அக்காலத்தில் நாள்தோறும் நீரூற்றுதல் அவசியம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கிழங்கை வெளியே எடுத்து, நெருங்கிய வேர்களைக் கழித்துப் புதுமண் இடாவிடிற் கொடி மெலியும். இளவேனிலிற் பல முளைகள் தோன்றினும், வலியன இரண்டு மூன்றை மாத்திரம் விட்டு ஏனையவற்றைக் கிள்ளிவிடுதல் மரபு.

முளைகள் எழுந்ததும் அவை ஏறுதற்குக் கயிறு வேண்டும். பாகலுக்குள்ள தந்துகளோ, வெற்றிலைக்குள்ள பற்றுவேர்களோ ஹொப்புக்கு இல்லை. தண்டே கயிற்றைச் சுற்றி ஏறும். தண்டிலுள்ள கொளுக்கி போன்ற சிறு மயிர்கள் அது வழுவாது தாங்கும். மேலிருந்து நோக்குவார்க்கு அது வலஞ்சுழியாகச் சுற்றுவது தோன்றும். போஞ்சிக் கொடி சுற்றுவதோ இடஞ்சுழியாக. எனவே முளையைக் கயிற்றில் ஏற்றிவிடுவோர் அதன் இயல்பான திசையறிந்து சுற்றிவிடல் வேண்டும். எதிர்த்திசையிற் சுற்றினால் அது நிலைகொள்ளாது. பெருந்தோட்டங்களில் இதற்குத் தென்னந்தும்புக் கயிறு வழங்குகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் ஹொப் தோட்டங்களுக்கு இலங்கையிலிருந்தும் அக்கயிறு செல்கின்றது.

இச்சுற்றும் இயல்பை நுணுகி ஆராய்ந்தவர் சாள்ஸ் டார்வின் ஆவர். நோயினால் அறையைவிட்டு நீங்க இயலாதிருந்த காலத்தில், தொட்டியில் நின்ற ஹொப் கொடியொன்றை அவ்வறையிலேயே வைத்து இரவும் பகலும் அவதானித்தார். பற்றுக்கோடு தேடும் நுனி, வெப்பமான நாளின் பகற்பொழுதிலே ஒருமுறை வட்டமிடச் சராசரியாக 2 மணித்தியாலமும் 8 நிமிடமும் கொள்வதாகக் கணித்தார். அவ்வாராய்ச்சி 1865 ஆம் ஆண்டில் வெளிவந்தது. கொடியின் அசைவை அறிதற்குத் தோட்டம் முழுவதும் வேண்டியதில்லை, தொட்டி ஒன்றே போதும் என்பதற்கு அது சான்றாகும்.

இவ்வாறு மண், நீர், பற்றுக்கோடு ஆகிய மூன்றையும் தொட்டியிலும் முற்றத்திலும் அமைத்துவிடலாம். நான்காவதாக ஒன்றுண்டு, அது பகலின் நீளம். பகல் மிக நீண்டிருக்கும் வரையும் ஹொப் உயர்ந்து வளர்வதிலேயே முனையும். போதிய கணுக்கள் உண்டானபின் பகல் குறுகத் தொடங்கியதும் பூக்கும். லண்டனில் ஜூன் மாதத்து நெடும்பகல் ஏறத்தாழ 16½ மணித்தியாலம். அதன்பின் பகல் குறையக் குறையக் கொடி பூத்து, செப்ரெம்பர் மாதமளவில் கூம்புகள் பறிக்கும் பதமடையும். யாழ்ப்பாணத்திலோ ஆண்டின் மிக நீண்ட பகலும் 12¾ மணித்தியாலத்தை எட்டுவதில்லை. இத்தகைய இடத்திலே கொடி நன்கு உயருமுன்னரே பூக்கத் தலைப்படும். வளர்ச்சியும் விளைவும் குன்றும்.

இக்குறையை நீக்க மனிதர் விளக்கை நாடினர். தென்னாபிரிக்காவின் ஜோர்ஜ் நகரை அடுத்த தோட்டங்களில், மாலையின்பின் மின்னொளி பாய்ச்சிப் பகலை நீட்டிக் கொடியை வளர்த்தனர். பின்னர் அந்நிலத்துப் பகலுக்கு இசைந்த இனங்களையும் உருவாக்கினர். மாரிக் குளிரில் உறங்கினாலன்றி ஹொப் பூக்காது என்பது நெடுங்கால நம்பிக்கை. 2019 ஆம் ஆண்டில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த ஆராய்ச்சி, குளிரின்றியும் அது பூக்கும் என்றும், ஒளிபெறும் நேரத்தை ஒழுங்குபடுத்துதலே முதன்மையானது என்றும் காட்டியது.

கொடியின் உயரமும் முற்றத்தில் வளர்ப்போர்க்கு ஓர் இடராகும். வழக்கமான இனங்கள் 15 அடிக்கு மேலும் ஏறுவன. அக்காலத்தில் லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்திருந்த வை கல்லூரியில், 1990களின் நடுப்பகுதியிலே ‘பேர்ஸ்ற் கோல்ட்’ என்னும் குறள் இனம் வெளியிடப்பட்டது. அதன் உயரம் ஏறத்தாழ 8 அடி. தொட்டிக்கு ஏற்பக் கொடியையே திருத்தி அமைத்த செயல் இது.

நாற்றையும் மண்ணையும் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கொண்டுசெல்லலாம். அந்நாட்டின் பகலைக் கொண்டுசெல்ல இயலாது. ஒன்றில் விளக்கினாற் பகலை நீட்டல் வேண்டும்; அன்றேல் பகலுக்கு இசைந்த இனத்தைத் தெரிதல் வேண்டும். வேற்று நாட்டுச் செடியொன்று தம் முற்றத்தில் வாடக் காண்போர் மண்ணையே குறைகூறி அமையாது, அச்செடி பிறந்த நாட்டின் ஞாயிறு எத்துணை நேரம் ஒளிர்வது என்பதையும் வினவுதல் தகும்.