தேன் இனிக்கிறது, தேனெடுப்பவரின் பிள்ளை?



நம்மில் பலருடைய இல்லங்களில், அடுக்களை அலமாரியின் ஒரு மூலையில் தேன்புட்டி ஒன்று பத்திரமாக இருக்கும். இருமலுக்கும் நாட்டு மருந்துக்கும் அதனை எடுத்துப் பயன்படுத்துகிறோம். பாகு கலவாத அசல் மலைத்தேன் கிடைத்துவிட்டால் அண்டை வீட்டாரிடமும் சொல்லி மகிழ்கிறோம். ஆனால், அந்தத் தேனைப் பாறையிடுக்கிலிருந்து எடுத்து வந்தவரைப் பற்றி என்றேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? அவருடைய பிள்ளை எந்தப் பள்ளியில், எந்த வகுப்பில் படிக்கிறது என்று கேட்டதுண்டா?

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இராஜபாளையத்துக்கும் மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை சுவர்போல் எழுந்து நிற்கிறது. அதன் அடிவாரத்தில், வத்திராயிருப்பை அடுத்து அமைந்திருப்பது பிளவக்கல். அங்கே பெரியாறு, கோவிலாறு என்னும் இரு மலையோடைகளுக்குக் குறுக்கே கட்டப்பட்ட அணைகள் சுற்றிலுமுள்ள நெல்வயல்களையும் தென்னந்தோப்புகளையும் வாழ்விக்கின்றன. விடுமுறை நாட்களில் குடும்பத்தோடு சென்று அணையைக் கண்டு வருகிறோம். அந்த நீர் இறங்கி வரும் மலைக்குத் தொன்றுதொட்டு உரியவர்களான மக்கள் இருக்கிறார்கள். அவர்களே பளியர்கள்.

தாணிப்பாறை, அத்திகோயில், செண்பகத்தோப்பு, இராஜபாளையத்தை அடுத்த அய்யனார் கோயில் முதலிய அடிவாரப் பகுதிகளில் அவர்களுடைய குடியிருப்புகள் உள்ளன. தேனெடுத்தல், கிழங்கு அகழ்தல், கடுக்காய், நன்னாரி போன்ற மலைப்பொருள்களைச் சேகரித்தல் ஆகியவை அவர்களுடைய வழிவழித் தொழில்கள். இன்று அவர்களில் பலர் தோப்புகளிலும் வயல்களிலும் கூலி வேலைக்குச் செல்கின்றனர். தமிழகத்தின் பழங்குடிப் பட்டியல் இனங்களுள் பளியரும் ஒருவர்.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். தமிழகத்தில் எழுத்தறிவு பெற்றோர் நூற்றுக்கு 80 பேர். பழங்குடியினரிடையே அது ஏறத்தாழ 54 மட்டுமே! இந்த இடைவெளிக்கு வறுமையையும் தொலைவையும் நாம் உடனே காரணமாகச் சொல்லிவிடுகிறோம். அவை உண்மையான காரணங்களே. ஆனால், அவற்றோடு நம் கண்ணில் எளிதில் படாத வேறொரு காரணமும் உண்டு.

விலகிச் செல்லும் மரபு

பீட்டர் கார்ட்னர் என்னும் அமெரிக்க மானிடவியல் அறிஞர் 1962ஆம் ஆண்டு தொடங்கிப் பளியர்களிடையே தங்கி ஆய்வு செய்தார். பிறரை இழிவுபடுத்தாமை அம்மக்களின் வாழ்க்கை நெறி என்று அவர் கண்டார். அவர்கள் பிள்ளைகளை அடித்து வளர்ப்பது அரிது. ஒருவர்மீது ஒருவர் அதிகாரம் செலுத்துவதை அவர்கள் விரும்புவதில்லை. சச்சரவு மூளும் நிலை வந்தால் எதிர்த்து நிற்காமல் அவ்விடத்தை விட்டு விலகிச் செல்வார்கள். சினத்தை வளர்ப்பதினும் விலகுதல் மேல் என்பது அவர்கள் கண்ட வழி.

இந்தச் செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டு, ஒரு பளியச் சிறுவன் அடிவாரத்துப் பள்ளிக்கு வரும் காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். மலையின் ஒலியும் சொல்லும் கலந்த தமிழ் அவனுடையது. அவன் வாய் திறந்ததும் பக்கத்துப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். "காட்டான்" என்று ஒருவன் பட்டப்பெயர் சூட்டுகிறான். ஆசிரியரும் அதைக் கண்டிக்கவில்லை. அவன் என்ன செய்வான்? சண்டையிட மாட்டான், புகார் சொல்லவும் மாட்டான். மறுநாள் வரமாட்டான், அவ்வளவுதான்.

பள்ளிப் பதிவேட்டில் அது "இடைநிற்றல்" என்று எழுதப்படும். ஊரார், "அவர்களுக்குப் படிப்பில் நாட்டமில்லை" என்று முடிவு கட்டிவிடுவார்கள். உண்மையில் அவன் படிப்பை விட்டு விலகினானா, அவமதிப்பை விட்டு விலகினானா? இதுவே நாம் சிந்திக்க வேண்டிய வினா.

பள்ளிப் பிள்ளைகளின் பசி போக்க மதிய உணவுத் திட்டத்தைப் பரவலாக்கிய காமராசர் பிறந்தது இதே விருதுநகர் மாவட்டத்தில்தான். 2022ஆம் ஆண்டு முதல் காலை உணவுத் திட்டமும் நடைமுறைக்கு வந்துள்ளது. வயிற்றுப் பசிக்குத் திட்டம் இருக்கிறது. ஆனால், சக மாணவனின் ஏளனச் சிரிப்பை எந்தத் திட்டத்தால் நிறுத்த முடியும்?

கனடா கற்ற பாடம்

பழங்குடிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு வெளியே நிறுத்துவது ஒரு பிழை. உள்ளே அழைத்து, அவர்களிடமுள்ள மலையை அழித்துவிடுவது மற்றொரு பிழை. இரண்டாவது பிழையின் விளைவைக் கனடா நாடு கண்டது. அங்கே தொல்குடிப் பிள்ளைகள் 1,50,000-க்கும் மேற்பட்டோர் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு உறைவிடப் பள்ளிகளில் சேர்க்கப்பட்டனர். தாய்மொழியில் பேசியதற்காகவும் அவர்கள் தண்டிக்கப்பட்டனர். நோயாலும் கொடுமையாலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். 2008ஆம் ஆண்டு ஜூன் 11 அன்று அந்நாட்டுப் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். உண்மையறியவும் நல்லிணக்கம் காணவும் அமைக்கப்பட்ட ஆணையம், 2015ஆம் ஆண்டு 94 பரிந்துரைகளை வெளியிட்டது.

நம் நாட்டின் உண்டு உறைவிடப் பள்ளிகளை அவற்றோடு ஒப்பிடுவது நம் நோக்கமன்று. அந்தப் பரிந்துரைகளுள் ஒன்று நமக்கும் பொருந்துவதால்தான் இதனைக் குறிப்பிடுகிறோம். தொல்குடியினரின் வரலாற்றையும் அவர்கள் நாட்டுக்கு அளித்த கொடைகளையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கற்பிக்க வேண்டும் என்பதே அது. தொல்குடிப் பிள்ளை மட்டும் மாறினால் போதாது. அதன் பக்கத்தில் அமர்ந்திருக்கும் பிள்ளையும் கற்க வேண்டும் என்பதை அந்நாடு காலந்தாழ்த்தி உணர்ந்தது.

சட்டம் தந்திருப்பவை

நம் நாட்டுச் சட்டங்கள் இவ்வகையில் வெறுங்கையாய் இல்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, மாணவரை அடிப்பதை மட்டுமன்றி, மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது. வயதுச் சான்று இல்லை என்று சொல்லி எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது 14ஆம் பிரிவு. இடையில் நின்ற பிள்ளையை அதன் வயதுக்குரிய வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி அளிக்கவும் இச்சட்டம் வழி செய்கிறது. அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். அவர்களில் பின்தங்கிய பிரிவுப் பெற்றோருக்கும் உரிய இடம் உண்டு.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தேன் முதலிய சிறு வன மகசூலைச் சேகரிக்கும் உரிமையை வழங்குகிறது. காடு பற்றிய மரபறிவையும் அச்சமுதாயத்தின் உடைமையாக அது ஏற்கிறது. இப்பகுதிக் காடு 1988இல் சாம்பல் நிற அணில்களின் சரணாலயமாகவும், 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. அந்தக் காட்டின் பூக்கும் பருவத்தையும் தேனீயின் போக்கையும் அனுபவத்தால் அறிந்தவர்கள் பளியர்கள். அந்த அறிவு பாடவேளையில் ஒரு மணி நேரமாவது இடம்பெறத் தகாததா?

நாம் செய்யக்கூடியவை

வாசகர்களுள் ஆசிரியப் பணியில் இருப்போர் உண்டு. பளிய முதியவர் ஒருவரை ஒருநாள் வகுப்பறைக்கு அழையுங்கள். மலைத்தேனீ கூடு கட்டும் விதத்தையும், அடுத்த ஆண்டும் கிழங்கு முளைக்குமாறு அகழும் முறையையும் அவர் சொல்லட்டும். தன் பாட்டனார் ஆசிரியரின் இடத்தில் நிற்பதைக் காணும் சிறுவன் மறுநாளும் பள்ளிக்கு வருவான்.

அலுவலகப் பழக்கம் உடையோர் சாதிச் சான்றிதழ் பெற உதவலாம். பழங்குடியினருக்கு அதனை வழங்குபவர் வட்டாட்சியர் அல்லர், வருவாய்க் கோட்டாட்சியர். எழுத்தறியாத பெற்றோர் கூலியை இழந்து பன்முறை அலைய வேண்டியிருக்கும். சான்றிதழ் கைக்கு வராவிட்டால் உதவித்தொகையும் இல்லை; மேற்படிப்பில் இடஒதுக்கீடும் இல்லை. மனு எழுதிக் கொடுத்து உடன் செல்லும் ஒருவரின் அரைநாள் உழைப்பு, ஒரு பிள்ளையின் கல்லூரிக் கதவைத் திறக்கக் கூடும்.

வணிகச் சகோதரர்கள் மலைத்தேனுக்கு நியாயமான விலை கொடுக்கட்டும். அடிமாட்டு விலைக்கு வாங்கினால் அந்த வீட்டுப் பிள்ளையும் சேர்ந்து தேனெடுக்கப் போக நேரிடும்.

தாய்மார்களே! எல்லாவற்றினும் பெரிய பொறுப்பு உங்களுடையது. பட்டப்பெயர்கள் பள்ளியில் பிறப்பதில்லை. நம் வீட்டுத் திண்ணையில் பெரியவர்கள் பேசக் கேட்டே பிள்ளைகள் அவற்றைக் கற்கின்றனர். "காட்டான்" என்னும் சொல் நம் இல்லத்தில் ஒலிக்காதிருக்கட்டும். நம் முந்தைய தலைமுறையிலும், குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிப்படி ஏறிய பிள்ளைகள் பேச்சாலும் உடையாலும் தனித்து நின்று கூசியதுண்டு. அந்த வலியை அறிந்த நாம் அதனைப் பிறர் பிள்ளைக்குத் தரலாமா?

அடுத்த முறை பிளவக்கல் அணையைக் காணச் செல்லும்போது, நீர்ப்பரப்புக்கு அப்பால் தெரியும் மலையை உங்கள் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். "இந்த மலையை நம்மினும் நன்கு அறிந்தவன் ஒருவன் உன் வகுப்பில் இருக்கக்கூடும், அவனருகில் உட்கார், அவனிடம் கேட்டுக் கற்றுக்கொள்" என்று சொல்லுங்கள். விலகிச் செல்வது அவன் மரபு. விலகிச் செல்லும் தேவை அவனுக்கு நேராமல் பார்த்துக்கொள்வது நம் கடமை. அக்கடமையை இன்றே நம் இல்லத்திலிருந்து தொடங்குவோமாக!