கடைக்கு ஓடும் முன் மனதுக்குப் பயிற்சி

நெல் வயலில் நாலு இலை சுருண்டு வெளுத்திருந்தாலே பலருக்கும் மனம் பதறுகிறது. பக்கத்து வயலில் மருந்து அடித்துவிட்டால் பயம் இரட்டிப்பாகிறது. அன்றே கடைக்கு ஓடுகிறார்கள். கடன் ஏறுகிறது, புழுவைத் தின்னும் சிலந்தியும் சாகிறது.

பதறாமல் இருப்பதும் பழக்கத்தில் வருவதுதான். வரப்பில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து மூச்சை மெதுவாக இழுத்து விடுங்கள். பிறகு வயலின் பல இடங்களில் இலைகளை எண்ணி நோட்டில் எழுதுங்கள். இலைச்சுருட்டுப் புழுவுக்கு, வளர்ச்சிப் பருவத்தில் 10 சதவிகித இலைகளோ, பூக்கும் பருவத்தில் 5 சதவிகிதக் கண்ணாடி இலைகளோ பாதிக்கப்பட்டால்தான் மருந்து தேவை. எண்ணிப் பழகியவருக்குப் பயம் குறையும், செலவும் குறையும்.

கடன் கவலையில் தூக்கமே வரவில்லையா? தனியாகச் சுமக்க வேண்டாம். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ல் 24 மணி நேரமும் இலவசமாகப் பேசலாம்.