எக்ஸ்எல்லா, டபுள் எக்ஸ்எல்லா? முதலில் இஞ்ச் டேப்பை எடுங்கள்!

தாம்பரத்தில் ஒரு ஜவுளிக் கடைக்குச் சுடிதார் வாங்கப் போயிருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள், "ஆன்ட்டி, உங்க சைஸ் நம்மகிட்ட வராது" என்றார் அங்கே நின்ற விற்பனைப் பெண். கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஷேர் ஆட்டோவில் சேலையூர் வந்து சேரும்வரை எனக்கு முகமே சரியில்லை.

"நெட்ல வாங்கும்மா, அங்க யாரும் உன்னைப் பார்க்க மாட்டாங்க" என்றான் மகன். அவன் வாங்கித் தந்த கம்ப்யூட்டரில் அதுவரை நான் ரயில் டிக்கெட் மட்டும்தான் எடுத்திருந்தேன். சரி என்று ஒரு வெப்சைட்டில் டபுள் எக்ஸ்எல் குர்தா ஆர்டர் செய்தேன். வந்தது, தலைக்குள் நுழைந்தது, கையில் சிக்கிக்கொண்டது! திருப்பி அனுப்பிவிட்டு வேறு சைட்டில் அதே டபுள் எக்ஸ்எல் வாங்கினால், அது கூடாரம் போலத் தொங்கியது. தப்பு என் உடம்பில்தான் என்று நினைத்தேன். கோளாறு அந்த எழுத்துகளில் என்பது பிறகுதான் புரிந்தது.

நம் ஊர் ஆயத்த ஆடை நிறுவனங்கள் நெடுங்காலமாக வெளிநாட்டு அளவு அட்டவணைகளைத்தான் ஆளுக்கு ஒரு விதமாக மாற்றிப் பயன்படுத்தி வந்திருக்கின்றன. சரி, அந்த வெளிநாட்டு அட்டவணையாவது ஒழுங்கா? அமெரிக்க விவசாயத் துறை 1939-40ல் சுமார் 15,000 பெண்களை, ஒவ்வொருவருக்கும் 59 இடங்களில் அளந்தது. கணக்கில் எடுத்துக்கொண்டதோ வெள்ளைக்காரப் பெண்களின் அளவை மட்டும். சேலையூர்க்காரி அதில் எப்படிப் பொருந்துவாள்?

நம் மக்களை அளந்து நமக்கென்று ஓர் அட்டவணை தயாரிக்கும் 'இந்தியாசைஸ்' திட்டத்தை மத்திய ஜவுளி அமைச்சகத்தின் ஆதரவுடன் நிஃப்ட் கையில் எடுத்தது. 2018ல் இது அறிவிக்கப்பட்டது. நிஃப்டின் சென்னை வளாகம் நம் தரமணியில்தான் இருக்கிறது. 15 முதல் 65 வயது வரையிலான 25,000 பேரை, ஆறு நகரங்களில், உடம்பைத் தொடாமலே முப்பரிமாண ஸ்கேனரால் அளப்பது திட்டம். விற்ற துணியில் 20 முதல் 40 சதவீதம் வரை திரும்பி வருகிறது, முக்கியக் காரணம் அளவு பொருந்தாததே என்று அப்போது சொன்னார்கள். அதில் என் குர்தாவும் சேர்த்தி!

இன்னொரு விஷயத்தை எங்கள் தெரு டெய்லர் விளக்கினார். நிறுவனங்கள் நடுத்தர அளவில் ஒரு மாதிரி வெட்டி, அதையே படிப்படியாகப் பெரிதாக்குகின்றன. மார்பு பெரிதாகும்போது தோளும் கூடவே அகலமாகிறது. உடம்பு பருத்தால் தோள் எலும்பு வளருமா என்ன? தோள் சரிந்து தொங்குவதும், ஆனால் கை மட்டும் இறுக்குவதும் இதனால்தான்.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். டேப்பை இறுக்காமல் மார்பு, இடுப்பு, சீட், மேல்கைச் சுற்றளவு நான்கையும் அளந்து எக்ஸெல்லில் ஒரு ஃபைலாக வைத்திருக்கிறேன். துணியின் படத்துக்குப் பக்கத்தில் 'சைஸ் சார்ட்' என்று சிறிய எழுத்தில் இருக்கும்; அதைக் கிளிக் செய்யுங்கள். அங்கே கொடுத்திருப்பது உடம்பின் அளவா, தைத்த துணியின் அளவா என்று அவசியம் பாருங்கள். நான் ஏமாந்தது இங்கேதான். துணியின் அளவு என்றால், உங்கள் அளவைவிட மூன்று, நான்கு அங்குலமாவது கூடுதலாக இருக்க வேண்டும். சென்டிமீட்டரில் இருந்தால் 2.54ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். மேல்கை அளவைப் பல சைட்டுகள் போடுவதே இல்லை.

அதற்கு வாங்கியவர்களின் கருத்துப் பகுதிதான் கைகொடுக்கும். மாடல் பெண் ஐந்தடி எட்டு அங்குல உயரத்தில் ஸ்மால் சைஸ் அணிந்து நிற்பதைப் பார்த்து நமக்கு என்ன தெரியும்? கீழே ஸ்க்ரோல் செய்தால் நம்மைப் போன்ற பெண்கள் தாங்களே அதை உடுத்திப் படம் போட்டு, உயரம், எடை, கை பிடிக்கிறதா என்பது வரை எழுதியிருப்பார்கள். முகம் தெரியாத யாரோ ஒரு பெண், "எனக்கு மார்பு 46, த்ரீ எக்ஸ்எல் சரியாக இருக்கிறது, கையில் மட்டும் தையலைப் பிரித்துவிட்டேன்" என்று எழுதியிருந்ததை நம்பித்தான் அடுத்த குர்தாவை வாங்கினேன். அந்தக் கடையில் கிடைக்காத மரியாதை அந்த இரண்டு வரியில் இருந்தது. 2016ல் மும்பை லாக்மே ஃபேஷன் வீக்கில் பருமனான மாடல்களுக்கென்றே தனி ஷோ நடத்தினார்கள். நல்லதுதான். எனக்கு உபயோகப்பட்டது என்னவோ அந்தப் பெண்தான்.

குர்தா சரியாக இருந்தது. தையலைப் பிரிக்க டெய்லர் முப்பது ரூபாய் வாங்கினார். நானும் என் அளவைப் போட்டு, படத்தோடு நாலு வரி எழுதி வைத்தேன்.

போன வாரம் அதே எக்ஸெல் ஃபைலில் மகனுக்கும் ஒரு வரிசை சேர்த்தேன். "எனக்கு இடுப்பு 34தாம்மா" என்று சாதித்தான். டேப் 38 காட்டியது. 38 என்றே சேவ் செய்துவிட்டேன்.