பிளந்த வீடு – 7: பத்து டாலர் தீர்ப்பு

சென்ற வாரம் 1850-ஆம் ஆண்டு சமரசத்தில் நிறுத்தியிருந்தோம். கலிஃபோர்னியா, அடிமைமுறை இல்லாத மாகாணமாகச் சேர்ந்தது. தலைநகர் வாஷிங்டனில் அடிமை வியாபாரத்துக்குத் தடை வந்தது. வடக்குக்கு இதெல்லாம் லாபம். பதிலுக்குத் தெற்கு கேட்டு வாங்கிக்கொண்டவற்றில் முக்கியமானது தப்பியோடிய அடிமைகள் சட்டம். இன்னொரு பத்தாண்டுக்கு நாட்டைச் சேர்த்துக் கட்டிவைக்கும் என்று நம்பித்தான் அதிபர் ஃபில்மோர் செப்டம்பர் 18 அன்று அதில் கையெழுத்துப் போட்டார்.

ஓடிப்போன அடிமையைப் பிடித்து உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அரசியல் சாசனத்திலேயே இருந்த விஷயம்தான். 1793-இல் அதற்கென ஒரு சட்டமும் போட்டிருந்தார்கள். வடக்கு மாகாணங்கள் அதைக் கண்டும் காணாமலும் விட்டுவிட்டன. மாகாண அதிகாரிகளை இந்த வேலைக்குக் கட்டாயப்படுத்த முடியாது என்கிற நிலையை 1842-இல் உச்ச நீதிமன்றமே உண்டாக்கியிருந்தது. வர்ஜீனியா செனட்டர் ஜேம்ஸ் மேசன் எழுதிய புதிய சட்டம் அந்த ஓட்டைகளையெல்லாம் அடைத்தது. மாகாணம் ஒத்துழைக்காவிட்டால் என்ன, மத்திய அரசே பிடித்துக் கொடுக்கும்.

எப்படிப் பிடிப்பார்கள்? வழக்கை விசாரிக்க ஆணையர் ஒருவர் இருப்பார். ஜூரி கிடையாது. பிடிபட்டவர் தன் தரப்பைச் சொல்ல முடியாது. அவருடைய வாக்குமூலம் சாட்சியமாகாது. அடைக்கலம் கொடுத்தவருக்கு 1,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. தெருவில் சும்மா போய்க்கொண்டிருப்பவரைக்கூட மார்ஷல் கூப்பிட்டு, ‘வா, வந்து பிடி’ என்று சொல்லலாம், மறுக்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேலே ஆணையருக்கான கட்டணம். பிடிபட்டவர் அடிமைதான் என்று அனுப்பிவைத்தால் 10 டாலர். இல்லை என்று விடுவித்தால் 5 டாலர். அனுப்பிவைப்பதற்கு எழுத்து வேலை அதிகம், அதனால்தான் அதிகக் கூலி என்று விளக்கம் சொன்னார்கள். வடக்கில் அதை யாரும் நம்பவில்லை.

இவ்வளவு கெடுபிடி எதற்கு? 1850 மக்கள்தொகைக் கணக்கின்படி நாட்டில் அடிமைகள் 32 லட்சம் பேர். அந்த ஆண்டு தப்பியோடியதாகப் பதிவானவர்கள் ஆயிரத்துச் சொச்சம். அவர்களிலும் பெரும்பாலோர் மேரிலாண்ட், கெண்டக்கி போன்ற எல்லைப்புற மாகாணங்களிலிருந்து ஓடியவர்கள். தென் கரோலினாவிலிருந்தோ மிசிசிப்பியிலிருந்தோ கால்நடையாக வடக்கை எட்டுவது குதிரைக்கொம்பு. ஆனால் அங்கேதான் கூச்சல் பலமாக இருந்தது. தெற்கு கேட்டது நஷ்டஈடு அல்ல. இன்னொரு மனிதன் தன் சொத்து என்பதை வடக்கும் வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும், கையாலும் செய்துகாட்ட வேண்டும். இந்தப் பிடிவாதம்தான் தெற்குக்கே வினையாக முடிந்தது என்பது என் கட்சி.

அதுவரை பாஸ்டன்காரர்களுக்கு அடிமைமுறை எங்கோ தூரத்து விவகாரம். தெற்கின் பருத்தி அவர்களுடைய ஆலைகளுக்கு வந்தது, துணியானது, பணமானது. அடிமை ஒழிப்பு பேசுகிறவர்கள் அவர்கள் கண்ணுக்கு ஊர் வம்பர்கள். இப்போது அதே விவகாரம் அவர்களுடைய நீதிமன்ற வாசலிலேயே வந்து நின்றது. 1851 பிப்ரவரியில் ஷாட்ராக் மிங்கின்ஸ் என்பவரை பாஸ்டன் கறுப்பின மக்கள் நீதிமன்றத்துக்குள் புகுந்து மீட்டு கனடாவுக்கு அனுப்பினார்கள். ஏப்ரலில் தாமஸ் சிம்ஸ் பிடிபட்டபோது அரசு உஷாராகிவிட்டது. நீதிமன்றத்தைச் சுற்றி இரும்புச் சங்கிலி. மாகாணத் தலைமை நீதிபதியே அதற்கடியில் குனிந்துதான் உள்ளே போக வேண்டியிருந்தது. சிம்ஸை ஜார்ஜியாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அந்தச் செப்டம்பரில் பென்சில்வேனியாவின் கிறிஸ்டியானா கிராமத்தில், அடிமைகளைப் பிடிக்க வந்த மேரிலாண்ட் பண்ணையார் ஒருவர் கொல்லப்பட்டார்.

அடுத்து ஆன்டனி பர்ன்ஸ்.

1854-இன் தொடக்கத்தில் ரிச்மண்டிலிருந்து கப்பலில் ஒளிந்து பாஸ்டன் வந்தவர். அப்போது வயது இருபதுகூட நிரம்பவில்லை. எழுதப் படிக்கத் தெரியும். அதுவே அவரைக் காட்டிக்கொடுத்தது. வர்ஜீனியாவில் இருந்த அண்ணனுக்குக் கடிதம் எழுதினார். சந்தேகம் வராமலிருக்க கனடா வழியாகத் தபாலில் சேர்த்தார். ஆனால் பழக்கதோஷத்தில் கடிதத்தின் தலையில் ‘பாஸ்டன்’ என்று எழுதிவிட்டார். கடிதம் எஜமான் சார்லஸ் சட்டில் கைக்குப் போனது.

மே 24 மாலை, பிராட்டில் தெருத் துணிக்கடையில் வேலை முடித்துத் திரும்பிய பர்ன்ஸை, நகைக்கடையில் திருடியவன் என்று சொல்லிப் பிடித்தார்கள். நீதிமன்றக் கட்டடத்தில் அடைத்தபிறகு சட்டில் வந்தார். தொப்பியைக் கழற்றி, குனிந்து, ‘மிஸ்டர் பர்ன்ஸ்’ என்று குசலம் விசாரித்தார். உன்னை நன்றாகத்தானே வைத்திருந்தேன், கேட்டபோதெல்லாம் காசு கொடுத்தேனே என்றார். வருஷத்துக்கு ஒருமுறை பன்னிரண்டரை சென்ட் கொடுப்பீர்கள் என்றார் பர்ன்ஸ்.

வெள்ளிக்கிழமை இரவு ஃபேன்யுல் மண்டபத்தில் கண்டனக் கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, இன்னொரு கூட்டம் கனத்த மரத்தூணைத் தூக்கிவந்து நீதிமன்றக் கதவை இடித்தது. முன்னால் நின்றவர்களில் ஒருவர் ஹிக்கின்சன் என்கிற பாதிரியார். கதவு கொஞ்சம் திறந்தது, உள்ளே கைகலப்பு, மோவாயில் வெட்டுப்பட்டு அவர் வெளியே வந்தார். காவலர் ஒருவர் செத்துப்போனார். பர்ன்ஸ் உள்ளேயேதான் இருந்தார்.

மறுநாள் நடந்ததுதான் இந்தக் கதையில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. கறுப்பினப் போதகர் லெனர்ட் கிரைம்ஸ் வீடு வீடாக அலைந்து 1,200 டாலருக்கு ஏற்பாடு செய்துவிட்டார். சட்டிலும் விற்கச் சம்மதித்தார். காரியம் அங்கேயே முடிந்திருக்கும். முடியவிடாமல் செய்தவர் மத்திய அரசின் வழக்கறிஞர் ஹேலட். அரசுக்கு வேண்டியது பர்ன்ஸ் அல்ல, சட்டம் செல்லும் என்கிற நிரூபணம். எவ்வளவு செலவானாலும் சரி, சட்டத்தை நிறைவேற்று என்று அதிபர் பியர்ஸ் தந்தி கொடுத்தார்.

விசாரணையில் பர்ன்ஸ் தரப்பு வழக்கறிஞர் டானா ஒரு நல்ல பிடியைப் பிடித்தார். பர்ன்ஸ் ரிச்மண்டில் இருந்ததாக எதிர்த்தரப்பு சொன்ன தேதிக்கு முன்பே அவரை பாஸ்டனில் பார்த்ததாகப் பலர் சாட்சி சொன்னார்கள். ஆணையர் லோரிங் அதை ஏற்கவில்லை. ஆளை அடையாளம் காண அவர் எடுத்துக்கொண்டது, கைதான இரவு சட்டிலிடம் பர்ன்ஸ் பேசிய பேச்சை! சட்டம் அவர் வாயைக் கட்டிப்போட்டிருந்தது, அந்த வாயிலிருந்து வந்த வார்த்தையே அவர் கையைக் கட்டியது.

ஜூன் 2 அன்று பர்ன்ஸை நடத்தியே துறைமுகத்துக்குக் கூட்டிப்போனார்கள். கடற்படை வீரர்கள், பீரங்கி, ஊர்க்காவல் படை எல்லாம் ஒரே ஒருவருக்காக. கடைகளில் கறுப்புத் துணி. தேசியக் கொடிகள் தலைகீழாகத் தொங்கின. ‘சுதந்திரம்’ என்று எழுதிய ஒரு சவப்பெட்டி தெருவுக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது. திரண்டவர்கள் ஐம்பதாயிரம் என்று அன்று மதிப்பிட்டார்கள். அரசுக்குப் பல்லாயிரம் டாலர் செலவு. சட்டில் பிறகு பர்ன்ஸை விற்றது 905 டாலருக்கு. அடுத்த ஆண்டே கிரைம்ஸ் 1,300 டாலர் கொடுத்து அவரை மீட்டுவிட்டார். ஓபர்லினில் படித்து, கனடாவில் போதகராகி, 28 வயதில் பர்ன்ஸ் இறந்தார்.

1855-இல் மாசசூசெட்ஸ், பிடிபட்டவருக்கு ஜூரி விசாரணை தரும் சட்டத்தை இயற்றியது. விஸ்கான்சின் நீதிமன்றமோ தப்பியோடியோர் சட்டமே செல்லாது என்றது. மாகாண உரிமையைப் பற்றி வாய் ஓயாமல் பேசிய தெற்கு, இந்த இடத்தில் மட்டும் மத்திய அரசு தலையிட வேண்டும் என்றது. 1860 டிசம்பரில் தென் கரோலினா பிரிந்துபோனபோது வெளியிட்ட அறிக்கையைப் படித்துப் பாருங்கள். எந்தெந்த வடக்கு மாகாணம் அடிமைகளைத் திருப்பித் தர மறுத்தது என்று பெயர் பெயராகப் பட்டியல் இருக்கிறது. போர் மாகாண உரிமைக்காகத்தான் நடந்தது என்று இன்றும் சொல்கிறவர்கள் அந்தப் பக்கத்தை ஏனோ புரட்டுவதில்லை.

அது ஆறு வருஷம் கழித்து. பர்ன்ஸ் பாஸ்டனில் பூட்டிய அறைக்குள் இருந்தபோதே, மே 30 அன்று, பியர்ஸ் இன்னொரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். கன்சாஸிலும் நெப்ராஸ்காவிலும் அடிமைமுறை வேண்டுமா வேண்டாமா என்று குடியேறுகிறவர்களே முடிவு செய்துகொள்ளலாம் என்றது அது. ஆமோஸ் லாரன்ஸ் என்கிற பாஸ்டன் ஜவுளி முதலாளி, தெற்கின் பருத்தியால் வளர்ந்த குடும்பம், அந்த நாட்களில் ஒரு கடிதம் எழுதினார். சமரசம் பேசுகிற பழைய மனிதர்களாகப் படுத்த நாங்கள், அடிமை ஒழிப்பு வெறியர்களாக எழுந்துவிட்டோம் என்பது அதன் சாரம். கடிதத்தோடு அவர் நிற்கவில்லை. கன்சாஸுக்கு ஆள் அனுப்பும் ஒரு நிறுவனத்தின் பொருளாளராகி, கைப்பணத்தையும் போட்டார். குடியேறியவர்கள் தங்கள் ஊருக்கு அவர் பெயரையே வைத்தார்கள். ஏர், விதை என்று ஆரம்பித்து, சீக்கிரமே ஷார்ப்ஸ் துப்பாக்கிகளும் போகத் தொடங்கின. அடிமைமுறை இருந்த பக்கத்து மாகாணமான மிசௌரியின் ஆட்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் தயாராக இருந்தார்கள். 1856 மே 21 அன்று அவர்கள் லாரன்ஸ் ஊருக்குள் பீரங்கியோடு வந்த கதை அடுத்த வாரம்.

(தொடரும்)